எலெக்ட்ரிக் செயின்சா வாங்கப்போறீங்களா? தோப்புக்குள்ள இறங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

"சட்டை மட்டும்தான் மாப்ள கிழிஞ்சுது. அரை இஞ்ச் இந்தப் பக்கம் வந்திருந்தா, இனிமே எல்லா வேலையும் ஒத்தைக் கையிலதான்."

கொடுமுடிக்குப் பக்கத்தில் இருக்கும் தோட்டத்துக்குப் போயிருந்தபோது மாமா சிரித்துக்கொண்டே சொன்னது இது. பக்கத்தில் நின்ற அத்தை சிரிக்கவில்லை. உள்ளே போய் அந்தச் சட்டையை எடுத்து வந்து காட்டினார். இடது கை மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, துணி நார் நாராகப் பிய்ந்து தொங்கியது.

நடந்தது இதுதான். ஆன்லைனில் ஆர்டர் போட்ட குட்டி பேட்டரி செயின்சா. முருங்கைக் கிளையை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் மெஷினை ஓட்டியிருக்கிறார். மெஷினின் மூக்கு பின்னால் இருந்த இன்னொரு கிளையில் உரசியிருக்கிறது. அடுத்த நொடி, மெஷின் துள்ளி அவர் கையைப் பார்த்து வந்துவிட்டது.

"என்ன நடந்துச்சுன்னே தெரியலீங்கறேன்... கண்ணு இமைக்குறதுக்குள்ள!" என்றார் மாமா. அவர் சொன்னது மிகையில்லை. அது ஏன் கண் இமைக்கிற நேரத்தில் நடக்கிறது, அதை எப்படித் தவிர்ப்பது, வாங்கும்போது எதைப் பார்ப்பது, தப்பு நடந்துவிட்டால் என்ன செய்வது? எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம், வாங்க.

இப்போ ஏன் எல்லார் கையிலும் இருக்கு?

கொடுமுடி சுற்றுவட்டாரம் காவிரியையும் வாய்க்காலையும் நம்பி விவசாயம் செய்கிற ஊர். மஞ்சள், கரும்பு, வாழை, தென்னை என்று வருஷம் முழுக்க வேலை. காய்ந்த தென்னையை அகற்றணும், வேலியில் கிளம்பும் சீமைக் கருவேலத்தை எடுக்கணும், ஆடிக் காற்றில் முறிந்த வேப்பங்கிளையை ஒதுக்கணும். சிவப்புக் கூன்வண்டு தாக்கிச் செத்துப்போன தென்னையைத் தோப்பிலேயே விட்டுவைத்தால், வண்டு அதிலேயே பெருகி அடுத்த மரத்துக்குப் போகும் என்பதால், அதை உடனே வெட்டி அகற்றச் சொல்கிறார்கள்.

முன்பு இதற்கெல்லாம் கோடாரி, அரிவாள், இரண்டு ஆள். இப்போது ஆள் கிடைப்பதில்லை. பெட்ரோல் மெஷின் என்றால் ஆயில் கலக்கணும், கயிற்றை இழுத்து இழுத்து ஸ்டார்ட் பண்ணணும். எலெக்ட்ரிக்கில் பட்டனை அழுத்தினால் போதும். புகை இல்லை, சத்தமும் கம்மி. அதனால் தோட்டத்துக்கு மட்டுமில்லாமல், வீட்டுக் கொல்லைக்கும் மொட்டை மாடி ஓரத்து முருங்கைக்கும்கூட வாங்குகிறார்கள்.

வசதிதான். ஆனால், அந்த வசதியிலேயே ஆபத்தும் இருக்கிறது. பெட்ரோல் மெஷின் சும்மா இருக்கும்போதும் உறுமும். 'நான் ஓடிக்கிட்டிருக்கேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். எலெக்ட்ரிக் மெஷின் பூனை மாதிரி அமைதியாக இருக்கும். விரல் பட்ட நொடியில் முழு வேகத்துக்குப் போய்விடும்.

ஒரு குட்டி வரலாறு

'பெட்ரோல் மெஷின்தான் முதல்ல வந்தது, எலெக்ட்ரிக் எல்லாம் இப்போ வந்த பொம்மை' என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். ஜெர்மனியைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-ல் செய்த முதல் செயின்சா மின்சாரத்தில் ஓடியதுதான். அதை இயக்க இரண்டு பேர் வேண்டும். அவருடைய பெட்ரோல் மெஷின் 1929-ல்தான் வந்தது.

இன்றைக்கு நாம் பார்க்கும் செயினின் பல் வடிவத்துக்கு ஒரு புழு காரணம். அமெரிக்காவின் ஒரிகன் மாகாணத்தில் ஜோசப் காக்ஸ் என்பவர், மரத்தைக் குடைந்துகொண்டிருந்த வண்டின் புழுவை 1946-ல் கவனித்தார். அது இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்து முன்னேறுவதைப் பார்த்து, அதே மாதிரி பல் உள்ள செயினை வடிவமைத்தார். நம் தென்னையைக் குடையும் கூன்வண்டுப் புழுவுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

கிக்பேக்: அந்த ஒரு நொடியில் என்ன நடக்கிறது?

செயின்சா விபத்துகளில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் 'கிக்பேக்'. மாமாவுக்கு நடந்தது இதுதான்.

நீளமான தகடு இருக்கிறதல்லவா, அதற்குப் பெயர் 'பார்'. செயின் அதன் மேல்பக்கத்தில் உங்களிடமிருந்து விலகி ஓடும், மூக்கில் வளைந்து திரும்பும், கீழ்ப்பக்கத்தில் உங்களை நோக்கி வரும். சாதாரணமாக நாம் அறுப்பது கீழ்ப்பக்கத்தால். அப்போது செயின் மெஷினை மரத்தோடு சேர்த்து இழுக்கும். கட்டுப்பாடு நம் கையில் இருக்கும். மேல்பக்கத்தால் அறுத்தால், மெஷின் நம்மை நோக்கித் தள்ளும்.

மூக்கின் மேல் கால்வாசிப் பகுதிதான் வில்லன். அந்த இடம் ஏதாவது ஒரு கிளையிலோ, கட்டையிலோ, கல்லிலோ பட்டால் பல் அறுக்காமல் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும். செயினின் வேகம் மொத்தமும் பார் மீது திரும்பி, மெஷின் மேலே எகிறி உங்கள் முகம், கழுத்து, தோள் பக்கம் வரும்.

ஒரு சின்னக் கணக்கு. செயின் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றைப் பார்த்து கையை இழுக்க மனிதனுக்கு ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். அதற்குள் 2 மீட்டர் செயின் ஓடியிருக்கும். வழக்கமான செயினில் சுமார் 50 பல் அந்த இடத்தைக் கடந்திருக்கும். 'நான் உஷாராத்தான் இருப்பேன்' என்று சொல்வதில் அர்த்தமே இல்லை என்பது இதனால்தான். கை எடுக்கிற வேகத்தை நம்பக் கூடாது. நிற்கிற விதத்தையும் பிடிக்கிற விதத்தையும்தான் நம்பணும்.

கிக்பேக்கைத் தடுக்க நான்கு பழக்கங்கள்:

* இரண்டு கையும் மெஷினில்தான் இருக்கணும். வலது கை பின் கைப்பிடியில், இடது கை முன் கைப்பிடியில். இடது கைக்காரர்களுக்கும் இதே முறைதான். கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி வளைத்துப் பிடிக்கணும்.
* மெஷினுக்கு நேர் பின்னால் நிற்காமல், கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லுங்கள். மெஷின் எகிறினாலும் தலை அதன் பாதையில் இருக்காது.
* மூக்கு எங்கே இருக்கிறது என்று எப்போதும் கண் பார்த்துக்கொண்டே இருக்கணும். அறுக்கும் கிளைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்து.
* தோள் உயரத்துக்கு மேல் மெஷினைத் தூக்கவே கூடாது.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

விலையையும் 'எத்தனை இஞ்ச்' என்பதையும் மட்டும் பார்த்து வாங்குவதுதான் வழக்கம். அதற்கு முன் இந்த லிஸ்ட்டைப் பாருங்கள்.

செயின் பிரேக்: முன் கைப்பிடிக்கு முன்னால் அகலமான ஒரு தடுப்பு இருக்கும். மெஷின் எகிறும்போது உங்கள் கை அதில் பட்டாலோ, அல்லது எகிறும் வேகத்தினாலேயோ, செயின் சட்டென நின்றுவிடும். 1972-லேயே ஸ்டீல் நிறுவனம் இதைக் கொண்டுவந்துவிட்டது. ஐம்பது வருஷத்துக்கும் மேல் பழைய விஷயம். இன்றைக்கும் இது இல்லாமல் விற்கும் மெஷினை ஏன் வாங்கணும்?

இரண்டு கைப்பிடி: 4 இஞ்ச், 6 இஞ்ச் பேட்டரி மினி செயின்சாக்கள் பலவற்றில் ஒரே கைப்பிடிதான். செயின் பிரேக்கும் இருக்காது. 'ஒரே கையில் ஈஸியா வெட்டலாம்' என்று வீடியோவில் காட்டுவார்கள். ஒரு கையில் மெஷின் இருந்தால் இன்னொரு கை தானாகவே கிளையைப் பிடிக்கப் போகும். மாமாவின் கதை அங்கேதான் ஆரம்பித்தது.

லாக் பட்டன்: பெரிய பட்டனோடு இன்னொரு சின்ன லாக்கையும் சேர்த்து அழுத்தினால்தான் மெஷின் ஓடணும். தூக்கும்போது விரல் பட்டு ஓடாமல் இருக்க இதுதான் காவல்.

செயின் வகை: கிக்பேக் குறைவாக இருக்கும்படி செய்த செயின் என்று கேட்டு வாங்குங்கள். இதனால் கிக்பேக் குறையும், அடியோடு போய்விடாது.

பார் நீளம்: வீட்டுக்கும் சின்னத் தோட்டத்துக்கும் 10 முதல் 14 இஞ்ச் போதும். நீளம் கூடக் கூட மூக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகும்.

சர்வீஸ்: ஈரோட்டிலோ கரூரிலோ கோவையிலோ செயினும் பாரும் மாற்றக் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். செயின் கிடைக்காத மெஷினை மழுங்கின பல்லோடு ஓட்டுவது ஆபத்து.

ஒன்று மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். டைல்ஸ் வெட்டும் ஆங்கிள் கிரைண்டரில் மாட்டிக்கொள்ளும் 'செயின்சா அட்டாச்மென்ட்' என்று ஒன்று விற்கிறது. கிரைண்டரின் சுழல் வேகம் செயினுக்கானதே கிடையாது. செயின் பிரேக் கிடையாது, பின் கைப்பிடி கிடையாது. எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

வேட்டி, துண்டு, செருப்பு: மூன்றும் கழட்டிட்டு வாங்க

நம்ம ஊர் தோட்டத்தில் வேலை என்றால் லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றி, காலில் ஹவாய் செருப்போடு இறங்குவதுதான் பழக்கம். செயின்சாவுக்கு இந்த மூன்றுமே ஆகாது. தொங்கும் துணியைச் செயின் பிடித்தால் துணியோடு உடம்பையும் சேர்த்து இழுக்கும். துப்பட்டா, கழுத்தில் தொங்கும் இயர்போன் ஒயர், அவிழ்ந்த கூந்தல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

என்ன போடணும்?

* தலைக்கு ஹெல்மெட். கட்டட வேலைக்கான ஹெல்மெட்டாவது இருக்கட்டும். தென்னையில் மட்டையும் காயும் எப்போது விழும் என்று யாருக்குத் தெரியும்?
* கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. கூலிங் கிளாஸ் கணக்கில் வராது.
* காதுக்கு அடைப்பான். சத்தம் பெட்ரோலைவிடக் குறைவுதான். ஆனால் மணிக்கணக்கில் கேட்டால் காது கெடும் அளவுக்கு இருக்கும்.
* உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டை, கனமான பேன்ட், நன்றாகப் பிடிமானம் தரும் கையுறை.
* முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ, அல்லது குறைந்தபட்சம் கணுக்கால் வரை மூடும் பூட்ஸ்.

அடிக்கடி வேலை செய்பவர் என்றால் செயின்சாவுக்கான கால் கவசம் வாங்குங்கள். ஐ.எஸ்.ஓ 11393 என்ற தர எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். செயின் பட்டதும் உள்ளே இருக்கும் நீளமான இழைகள் பிய்ந்து வந்து சக்கரத்தில் சுற்றிச் செயினை நிறுத்தும். ஒரு எச்சரிக்கை: எலெக்ட்ரிக் மோட்டாருக்கு ஆரம்பத்திலிருந்தே இழுவிசை அதிகம் என்பதால், பெட்ரோல் மெஷினை நிறுத்துகிற மாதிரி எல்லா எலெக்ட்ரிக் மெஷினையும் அது நிறுத்தும் என்று நம்பிவிடக் கூடாது. கவசம் போட்டிருந்தாலும் காலைச் செயினின் பாதையில் வைக்காதீர்கள்.

கரன்ட் மெஷினா? ஒயரைக் கவனி!

ஒயரில் ஓடும் மெஷின்களுக்கு ஒரு கணக்கு தெரிந்திருக்கணும். 2,000 வாட்ஸ் மெஷின், 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். வீட்டு ஹாலில் இருக்கும் சின்ன 5 அல்லது 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் இதற்குப் போதாது. கிரைண்டர், ஏ.சி போடும் 16 ஆம்பியர் பாயின்ட்தான் வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயரும் அதற்கேற்ற தடிமனில் இருக்கணும். தூரம் அதிகம் என்றால் 2.5 ஸ்கொயர் ஒயர் நல்லது. ஒயர் மெல்லிசாக இருந்தால் சூடாகும். மெஷினுக்கு வோல்டேஜ் குறைந்து மோட்டாரும் போகும். சுருட்டி வைத்த ஒயரை முழுவதும் பிரித்துவிட்டு ஓட்டுங்கள். சுருளுக்குள் சூடு தங்கும்.

அடுத்து, மோட்டார் ரூமில் நாம் எல்லோரும் பார்த்திருக்கும் காட்சி. பிளக் இல்லாமல், இரண்டு ஒயரின் நுனியையும் சீவி, சாக்கெட்டில் சொருகி, தீக்குச்சியால் இறுக்கி வைப்பது. ஈரத் தரையில், வாய்க்கால் ஓரத்தில், கையில் இரும்பு மெஷினோடு இதைச் செய்வது உயிரோடு விளையாடுவது.

கசிவு மின்சாரத்தைக் கண்டுபிடித்து உடனே லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி ட்ரிப்பர், 30 மில்லி ஆம்பியர் உள்ளது, அந்த லைனில் கட்டாயம் இருக்கணும். அதில் இருக்கும் 'டெஸ்ட்' பட்டனை அழுத்திப் பாருங்கள். கட் ஆனால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஒயர் எப்போதும் உங்களுக்குப் பின்னால் இருக்கட்டும். முன்னால் கிடந்தால் செயின் ஒயரையே அறுக்கும். அப்படி அறுந்துவிட்டால் குனிந்து எடுக்காதீர்கள். முதலில் போய் மெயினை ஆஃப் செய்யுங்கள். மழை, பனி ஈரம், தண்ணீர் பாய்ச்சிய வயல் என்றால் அன்றைக்கு லீவு.

பேட்டரி மெஷினா? கழட்டப் பழகு!

பேட்டரி மெஷினுக்கு ஒரே தங்க விதி: செயினைத் தொடுவதற்கு முன் பேட்டரி வெளியே வரணும். டென்ஷன் சரிபார்க்க, சிக்கிய நாரை எடுக்க, அரம் போட, பக்கத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோக என எதுவாக இருந்தாலும் சரி.

கொங்குப் பக்க வெயிலில் தகரக் கொட்டகைக்குள் பேட்டரியைப் போட்டுவைக்காதீர்கள். வேலை முடிந்து சூடாக இருக்கும் பேட்டரியை ஆறவிட்டு அப்புறம் சார்ஜ் போடுங்கள். உப்பியிருந்தாலோ, கீழே விழுந்து உடைந்திருந்தாலோ திரும்பப் பயன்படுத்தக் கூடாது. இரவெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுத் தூங்கவும் வேண்டாம்.

இரண்டு நிமிட செக்கப்

மெஷின் ஆஃபில், பேட்டரியோ பிளக்கோ கழட்டிய பிறகு இதைச் செய்யுங்கள்.

* செயின் டென்ஷன்: செயின் பாரின் கீழ்ப்பக்கத்தில் தொங்காமல் ஒட்டியிருக்கணும், அதே சமயம் கையுறை போட்ட கையால் இழுத்தால் ஓடணும். தொங்கினால் கழன்று வரும். ரொம்ப இறுக்கினால் சூடேறித் தேயும். புதுச் செயின் சூடேறி நீளும் என்பதால் இடையிடையே பாருங்கள்.
* ஆயில்: டேங்கில் செயின் ஆயில் இருக்கிறதா? பைக்கில் இருந்து எடுத்த பழைய கறுப்பு ஆயிலை ஊற்ற வேண்டாம். அதில் இருக்கும் இரும்புத் துகளும் அழுக்கும் பாரைக் கெடுக்கும்; உங்கள் தோலுக்கும் மண்ணுக்கும் கேடு.
* பல் கூர்மை: அறுக்கும்போது செதில் செதிலாகச் சீவல் வந்தால் பல் நன்றாக இருக்கிறது. மாவு மாதிரி தூள் வந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கின மெஷினை நாம் அழுத்துவோம், அழுத்தினால் வழுக்கும். உருட்டு அரத்தால் ஒரே திசையில், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் ராவணும்.
* பிரேக்: கடைசியாக பேட்டரியோ பிளக்கோ மாட்டி, மெஷினை ஓடவிட்டு முன் தடுப்பைத் தள்ளிப் பாருங்கள். செயின் உடனே நிற்கணும். நிற்கவில்லை என்றால் நேராக சர்வீஸுக்கு.

அறுக்க ஆரம்பிக்கலாமா?

தனியாகப் போகாதீர்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்கணும். ஆனால், குழந்தைகளும் ஆடு மாடும் நாயும் தூரத்தில் இருக்கணும். மரத்தையே சாய்க்கிறீர்கள் என்றால், மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது.

முதலில் தரையைச் சுத்தம் செய்யுங்கள். தென்னை மட்டை, பன்னாடை, கல், காய் எதுவும் காலில் இடறக் கூடாது. மெஷின் முழு வேகத்துக்கு வந்த பிறகு மரத்தில் வையுங்கள். முரட்டுத்தனமாக அழுத்தாதீர்கள், மெஷினின் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். அறுத்து முடிக்கும் இடத்தில் கவனம் வேண்டும். கட்டை துண்டானதும் மெஷின் சர்ரென்று கீழே இறங்கும். அங்கே உங்கள் கால் இருக்கக் கூடாது.

கீழே கிடக்கும் கட்டையைத் துண்டு போடும்போது, அது எங்கே தொங்குகிறது, எங்கே தாங்கி நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு முனையும் தாங்கி, நடு தொங்கினால் மேல்பக்கம் அழுந்தியிருக்கும், கீழ்ப்பக்கம் விரிந்திருக்கும். முதலில் அழுந்திய பக்கம் சுமார் மூன்றில் ஒரு பங்கு அறுத்து, பிறகு விரிந்த பக்கத்திலிருந்து முடிக்கணும். மாற்றிச் செய்தால் பார் கட்டைக்குள் மாட்டிக்கொள்ளும். சரிவான இடத்தில் மேட்டுப் பக்கம் நின்றுதான் அறுக்கணும். கட்டை உருளும்.

முழு மரத்தைச் சாய்ப்பது தனிக் கலை. எந்தப் பக்கம் சாயணுமோ அந்தப் பக்கம் மரத்தின் விட்டத்தில் கால் பங்குக்கு மிகாமல் ஆப்பு வடிவில் வாய் வெட்டுவார்கள். எதிர்ப்பக்கம் அதைவிடச் சற்று மேலே பின் வெட்டு. இரண்டுக்கும் நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கட்டையை அறுக்காமல் விட்டுவைப்பார்கள். அதுதான் கதவுக் கீல் மாதிரி மரத்தைத் திசை மாறாமல் சாய வைக்கும். சாயும்போது, பின்பக்கமாகச் சாய்வான திசையில் ஒதுங்க வழி முன்பே தயாராக இருக்கணும். இதைப் படித்துவிட்டு நேராகப் போய்ப் பெரிய மரத்தில் கை வைக்காதீர்கள்! பழகிய மரம் வெட்டும் ஆட்களோடு நின்று பார்த்துப் பழகுங்கள். அதுவரை கிளையும் விறகும் போதும்.

நம்ம ஊர் மரம், நம்ம ஊர் சிக்கல்

தென்னையும் பனையும் வேம்பு மாதிரி கிடையாது. வெளியே கெட்டி, உள்ளே நார். அந்த நார் செயினுக்கும் சக்கரத்துக்கும் இடையில் சுற்றிக்கொள்ளும். பல்லும் சீக்கிரம் மழுங்கும். அடிக்கடி நிறுத்தி, பேட்டரியைக் கழட்டிச் சுத்தம் செய்யணும்.

வேலி ஓர மரங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. பல வருஷம் முன்பு கட்டிய முள்கம்பியையும் அடித்த ஆணியையும் மரம் தன்னுள்ளேயே விழுங்கி வைத்திருக்கும். வெளியே தெரியாது. செயின் அதில் பட்டால் பல் தெறிக்கும், செயின் அறுந்து வீசும். கொங்குப் பகுதியின் கிளுவை வேலி, பழைய கம்பி வேலி ஓரங்களில் அறுக்கும்போது, பட்டையில் வீக்கமோ கறையோ இருக்கிறதா என்று பாருங்கள்.

காற்றில் சாய்ந்த மரம் எல்லாவற்றையும்விட மோசம். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னையிலும், 2018 நவம்பர் 16 கஜா புயலில் டெல்டா தென்னந்தோப்புகளிலும் மரங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்ததைப் பார்த்தோம். அப்படி ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த மரங்கள் வில் மாதிரி வளைந்து விசையோடு இருக்கும். தப்பான இடத்தில் அறுத்தால் கட்டை ஆளையே தூக்கி அடிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தை அறுத்தவுடன், அடிமரம் வேர் மண்ணோடு திரும்ப நிமிர்ந்த கதைகளும் உண்டு. இதெல்லாம் நமக்கான வேலை இல்லை.

ஏணி, லைன் கம்பி: ரெண்டுக்கும் நோ

ஏணியில் ஏறி செயின்சா ஓட்டக் கூடாது. மரத்தின் மேல் உட்கார்ந்தும் கூடாது. உயரக் கிளைக்கு நீளக் கம்பு வைத்த 'போல் சா' இருக்கிறது. தரையில் நின்றபடி, கிளைக்கு நேர் கீழே நிற்காமல் அறுக்கலாம்.

ஆனால் மின்கம்பி பக்கத்தில் அதுவும் வேண்டாம். அந்தக் கம்பு மின்சாரத்தைத் தடுக்காது. கம்பியிலிருந்து 15 மீட்டராவது தள்ளி இருக்கச் சொல்கின்றன போல் சா கையேடுகள். கிளை கம்பியில் உரசுகிறது என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு அழைத்துச் சொல்லுங்கள். லைனை ஆஃப் செய்து அவர்கள் வெட்டட்டும்.

வெட்டலாமா, கூடாதா?

உங்கள் தோட்டத்து மரமாகவே இருந்தாலும் சிலவற்றுக்கு அனுமதி வேண்டும். பனை நம் மாநில மரம். 2021-ல் தாக்கலான தமிழகத்தின் முதல் வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தார்கள். சந்தன மரத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும். சாலையோரம், வாய்க்கால் கரை, புறம்போக்கு மரங்களில் நாமாகக் கை வைக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வெட்டுப்பட்டுவிட்டால்?

செயின்சா காயம் கத்திக் காயம் மாதிரி நேர்க்கோடாக இருக்காது, சதையைப் பிய்த்திருக்கும். பதறாமல் இதைச் செய்யுங்கள்.

முதலில் மெஷினை ஆஃப் செய்து, 108-க்கு அழையுங்கள். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து நன்றாக அழுத்துங்கள். 'நின்னுடுச்சா' என்று அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள்.

கையிலோ காலிலோ ரத்தம் பீய்ச்சி அடித்து, அழுத்தியும் நிற்கவில்லை என்றால், காயத்துக்கு இரண்டு மூன்று இஞ்ச் மேலே அகலமான துணியைக் கட்டி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கி இறுக்குங்கள். மூட்டு மேல் கட்டக் கூடாது. கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; மருத்துவமனை போகும்வரை அவிழ்க்காதீர்கள்.

நம்ம மாவட்டம் மஞ்சளுக்குப் பேர் போனதுதான். அதற்காகக் காயத்தில் மஞ்சள் தூளை அப்பாதீர்கள். காபித்தூள், சுண்ணாம்பும் கூடாது. டாக்டர் அதைச் சுத்தம் செய்யவே நேரம் போகும்.

விரல் துண்டாகிவிட்டால், அந்தத் துண்டைத் தேடி எடுங்கள். நல்ல தண்ணீரில் அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டுங்கள். அந்தக் கவரை ஐஸ் போட்ட தண்ணீருக்குள் வையுங்கள். ஐஸ் நேரடியாக விரலில் படக் கூடாது. பட்டால் சதை உறைந்து கெட்டுவிடும். கை மணிக்கட்டுக்கு மேல் துண்டானால் சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை தொடங்குவது நல்லது. விரல் என்றால், குளிர்ச்சியாக வைத்திருந்தால், இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

கொங்கு மண்டலத்துக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. துண்டான கை, விரல்களை ஒட்டவைக்கும் நுண் அறுவை சிகிச்சைக்குப் பேர் பெற்ற கங்கா மருத்துவமனை கோவையில்தான் இருக்கிறது. சென்னையில் அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. ஆனால் கொடுமுடியிலிருந்து ஈரோடே சுமார் 40 கிலோமீட்டர். கோவை 100 கிலோமீட்டருக்கும் மேல். அதனால் எங்கே போவது என்று காயம்பட்ட பிறகு யோசிக்காமல், ஆம்புலன்ஸ் ஊழியரிடமும் முதலுதவி செய்யும் டாக்டரிடமும் உடனே கேட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசியா ஒண்ணு

கொடுமுடி மகுடேஸ்வரர் கோயிலில் ஒரு வன்னி மரம் இருக்கிறது. அதன் அடியில்தான் பிரம்மா. பழநிக்குத் தீர்த்தக் காவடி எடுப்பவர்கள் அந்த இலையைக் காவிரித் தண்ணீரில் போட்டு எடுத்துப் போவார்கள். மரத்தைக் கும்பிட்டுப் பழகிய ஊர் இது. அதனால் மெஷினைக் கையில் எடுக்கும் முன் 'இதை வெட்டியே ஆகணுமா?' என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது தப்பில்லை. வெட்டாத மரத்தால் செயின்சா காயம் வராது.

மாமா? அந்தக் குட்டி மெஷினை ஓரங்கட்டிவிட்டு, செயின் பிரேக் வைத்த, இரண்டு கைப்பிடி மெஷின் வாங்கிவிட்டார். பேட்டரி மட்டும் அத்தையிடம். சமையலறை அலமாரியில் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். ஷூ, கண்ணாடி, ஹெல்மெட் மூன்றும் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றால்தான் பேட்டரி வெளியே வரும்.

"உங்க மாமனுக்கு இதாங் கண்ணு செயின் பிரேக்" என்கிறார் அத்தை. இந்த முறை அவரும் சிரித்தார்.